படத்தின் பெயர் அம்மா

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மா வீட்டை விட்டுப் போனாள். அரையாண்டுப் பரீட்சை நடந்த வாரம் அது. கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். செல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க விசைத்தறி. துண்டு நெய்கிற நான்கு தறிகள். மாடியில் நாங்கள் இருந்தோம். தறி ஓடும்போது மாடிப்படி காலடியில் அதிரும். அன்றும் அதிர்ந்தது. மேலே போனால் அடுப்படியில் அத்தை நின்றாள். அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் தனியாக இருந்தவள். அவள் எங்கள் அடுப்படியில் நின்று நான் பார்த்ததே இல்லை.

“அம்மா எங்க அத்தை?”

“கைகாலக் கழுவிட்டு வந்து சாப்பிடு.”

நான் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் கிடைத்த பதில் இவ்வளவுதான். அப்பா இரண்டு முறை எங்கோ போய்த் தேடிவிட்டு வந்தார். மூன்றாம் முறை போகவில்லை. யாரோடோ போய்விட்டாள் என்று தெருவில் சிலர் பேசினார்கள். திருப்பூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று வேறு சிலர் சொன்னார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவன் சீக்கிரமே கற்றுக்கொண்டான். பள்ளியில் யாராவது கேட்டால், “எங்கம்மா செத்துப்போச்சு” என்று முகம் மாறாமல் சொல்வான். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னான். நான் சொல்லவில்லை. “எங்க போச்சுன்னு தெரியல” என்பேன். அதற்காக அவனிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அத்தை போட்டோக்களை இறக்கினாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சட்டத்தைப் பிரித்து, துணி வெட்டுகிற கத்தரியால் ஒவ்வொன்றிலும் அம்மாவை வெட்டி எடுத்தாள். கல்யாணப் படத்தில் மாலையோடு அப்பா மட்டும் மிஞ்சினார். ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் ஒன்று இருந்தது. அதில் அம்மா என் பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருப்பாள். அந்தக் கையை வெட்டினால் என் தோளும் போய்விடும். அத்தை படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மணிக்கட்டோடு நிறுத்திக்கொண்டாள். அதனால் என் தோளில் நான்கு விரல்கள் மிஞ்சின.

நான் முதன்முதலில் உருப்படியாக வரைந்தது அந்த விரல்களைத்தான். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நூறு தடவையாவது வரைந்திருப்பேன். மோதிர விரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். நகத்தின் அடியில் நிழல் விழுந்திருக்கும். நிழலை எப்படித் தேய்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த விரல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் தானாக வந்தது.

பிறகு ஓவியம் படித்தேன். தல்லாகுளத்தில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர் ஆனேன். கல்யாணம் ஆனது. மாடியில் ஒரு வாடகை வீடு. அதன் பின்னறை சின்னது என்றாலும் ஜன்னல் வடக்குப் பார்த்தது. கேன்வாஸை அங்கே வைத்துக்கொண்டேன். பள்ளி விட்டு வந்ததும் வரைவேன். ஆடு, கோபுரம், பூக்காரி எல்லாம் வரைந்திருக்கிறேன். கேட்டவர்களுக்குக் கொடுத்தும் இருக்கிறேன். அவையெல்லாம் கை பழகுவதற்காக வரைந்தவை. எனக்கு வரைய வேண்டியது ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கனவு எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. செல்லூர் வீட்டு மொட்டை மாடி. கொடியில் வரிசையாகத் துண்டுகள் காய்கின்றன. எல்லாம் ஈரம். தறிச் சத்தம் இல்லை. அந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லாத பகலே கிடையாது. அதனால் அந்த அமைதியை வைத்தே இது கனவு என்று கனவுக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிடும். துண்டுகளுக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்பாள். குதிகாலும் சேலைக் கரையும் தெரியும். நான் துண்டுகளை விலக்கிக்கொண்டு போவேன். ஒன்றை விலக்கினால் இன்னொன்று வரும். முகத்தில் ஈரத்துணி ஒட்டும். கடைசித் துண்டைத் தொடும்போது விழித்துவிடுவேன்.

விழித்ததும் யாரோடும் பேசக் கூடாது. பல் விளக்கக் கூடாது. போனை எடுக்கக் கூடாது. பேசினால் கனவு கரைந்துவிடும். தலைமாட்டில் பழைய பரீட்சைத் தாள்களும் ஒரு சார்க்கோல் துண்டும் வைத்திருப்பேன். உட்கார்ந்த வாக்கில் கை போன போக்கில் கோடு போடுவேன். பத்து நிமிஷம் கிடைக்கும். அதற்குள் வந்ததுதான் மிச்சம். என் கணவர் இதற்குப் பழகிவிட்டார். நான் கையைத் துடைக்கும்வரை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். “முடிஞ்சுதா? டீ போடவா?” என்று அப்புறம்தான் குரல் வரும்.

அந்தத் தாள்கள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்தன. அவற்றில் குதிகால் இருக்கிறது. கொடி இருக்கிறது. சேலையின் நிறத்தை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு தாளில் பச்சை, ஒன்றில் அரக்கு, இன்னொன்றில் ‘நிறம் பார்க்கவில்லை’. கனவு ஒவ்வொரு முறையும் சேலையை மாற்றியது. ஞாபகமும் நம்பும்படி இல்லை. அம்மா எனக்குத் தலை பின்னியது நினைவிருக்கிறது, ஆனால் பின்னால் உட்கார்ந்து பின்னியவளின் முகம் அதில் எப்படி இருக்கும்?

ஒருமுறை அத்தையிடமே நேராகக் கேட்டேன். அவளுக்கு அப்போது எழுபது வயதிருக்கும்.

“அத்தை, எங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கும்?”

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “கண்ணாடில உன் மூஞ்சியப் பாரு. அம்புட்டுத்தான்.”

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வரைந்தேன். கன்னத்தை இறக்கினேன், புருவத்தை மெலித்தேன். இரண்டு மாத வேலை. முடிந்தபோது அதில் நான் இருந்தேன், வயதை மாற்றிக்கொண்ட நான். சட்டத்திலிருந்து கேன்வாஸைப் பிடுங்கிக் கிழித்தேன். என்னோடு படித்து இப்போது விளம்பர வேலை பார்க்கும் ஒரு நண்பர், “விடுங்க, முகம் இல்லாமலே வரைங்க. அதுதான் இப்ப எல்லாரும் செய்றாங்க. நல்லாவும் இருக்கும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. முகத்தை வெட்டி எடுக்கிற வேலையை எங்கள் வீட்டில் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். அதை நானும் செய்வதற்கு எனக்கு எதற்குத் தூரிகை?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. அரை நாள் பள்ளி. வெயிலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் வெறும் தரையில் படுத்தேன். மொட்டை மாடியும் துண்டுகளும் வந்தன. விலக்கிக்கொண்டே போனேன். கடைசித் துண்டு விலகியது. அம்மா நின்றாள்.

நான் தேடிக்கொண்டிருந்த முகம் அங்கே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தாடையின் அடிப்பக்கம். கழுத்தின் இரண்டு மடிப்புகள். மூக்கின் இரண்டு துவாரங்கள். அதற்கு மேலே, வெகு உயரத்தில், தாழ்ந்த இமைகள். அதற்கும் மேலே வானம். தாடைக்கு அடியில் ஒரு மச்சம்.

விழித்தபோது என் கை ஏற்கெனவே தாளைத் தேடிக்கொண்டிருந்தது. வரைந்து முடித்துவிட்டுத் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். என் முட்டாள்தனம் அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக நான் அம்மாவை பாஸ்போர்ட் படம் மாதிரி நேருக்கு நேர் வரையப் பார்த்திருக்கிறேன். நான் அவளை அப்படிப் பார்த்ததே கிடையாது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிற உயரம்தான் இருந்தேன். எட்டு வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் முகம் கீழிருந்துதான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே முகம் அதுதான். அதை முகம் என்றே நான் எண்ணவில்லை.

அன்று மாலையே கணவரை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

“எம்புட்டு நேரம் நிக்கணும்?”

“பேசாம நில்லுங்க. தாடை ஆடுது.”

தாடைக்கு அடியில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று அப்போது கவனித்தேன். மேலேயிருந்து வெளிச்சமே கிடையாது. சட்டையில் பட்டுத் தெறிக்கிற நிறம்தான் அங்கே போய் ஒட்டுகிறது. நீலச் சட்டை போட்டால் தாடை நீலம் பூசிக்கொள்கிறது. அப்படியானால் அம்மாவின் தாடைக்கு அடியில் அவள் சேலையின் நிறம் இருந்தாக வேண்டும். எந்தச் சேலை? பெட்டியைத் திறந்து எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பினேன். பச்சையா, அரக்கா? ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூசினேன். பச்சையில் அவள் எனக்கு யாரோவாகத் தெரிந்தாள். அரக்கு விழுந்ததும் தூரிகையைக் கீழே வைத்தேன். அதையே வைத்துக்கொண்டேன். உண்மையில் அவள் அரக்குச் சேலை கட்டினாளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் படம் முடிந்தது. ஆள் உயரக் கேன்வாஸ். பார்க்கிறவர் தலையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும், அதனால் எங்கே மாட்டினாலும் உயரத்தில்தான் மாட்டுவது என்று முடிவு செய்தேன். மச்சத்தைக் கடைசியாக, கோடையில் ஒரு விடிகாலையில் வைத்தேன். அது கனவு கொடுத்ததா, ஞாபகம் கொடுத்ததா என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் ஐந்து ஓவியர்கள் சேர்ந்து ஒரு கூடம் எடுத்து இரண்டு நாள் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. அழைப்பிதழின் முகப்புக்கு என் படத்தை எடுத்துக்கொண்டார்கள். கீழே ‘அம்மா’ என்று போட்டார்கள். அது போன் போனாகப் போய் அண்ணனிடம் சேர்ந்தது. கண்காட்சிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றான். இப்போது தறிகளை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். எட்டாகி இருக்கின்றன. அந்தச் சத்தத்தில் பேசிப் பேசிச் சாதாரணப் பேச்சே அவனுக்குச் சத்தமாகத்தான் வரும். அன்று மெதுவாகப் பேசினான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஏத்தா, நான் சொல்றதக் கேளு. படத்த எடுக்கச் சொல்லல. அது உன் தொழிலு. பேரை மட்டும் மாத்திரு.”

“என்னன்னு மாத்த?”

“ஒரு பெண்ணுன்னு போட்டுக்க. இல்ல வேற என்னமோ போட்டுக்க. அடுத்த வாரம் பாப்பாவப் பொண்ணு பாக்க வாராக. பெரிய இடம். நம்ம வீட்டுல அம்மா செத்துப்போச்சுன்னுதான் சொல்லிருக்கு. யாராச்சும் தோண்டித் துருவிக் கேட்டா என்ன சொல்ல?”

அவன் மகளை நினைத்தால் எனக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் எட்டு வயதில் வாங்கிய குட்டு தலையில் மறுபடி விழுந்த மாதிரி இருந்தது.

“அம்மா செத்துச்சுன்னு உனக்குத் தெரியுமாண்ணே?”

“அது இப்ப எதுக்கு?”

“தெரியுமா, தெரியாதா?”

“நமக்கு அவ செத்தவதான்.”

“உனக்கு. எனக்கில்ல. எனக்குத் தெரியாத ஒண்ண நான் அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கும் சொல்ல மாட்டேன். அவ ஏன் போனான்னு எனக்குத் தெரியாது. நல்லவளா கெட்டவளான்னு நான் வரையல. அவ எங்கம்மா. அதத்தான் கீழ எழுதிருக்கேன்.”

“இம்புட்டுப் பிடிவாதம் எதுக்குடி? நம்மள விட்டுட்டுப் போனவளுக்கு நீ கொடி பிடிக்கிற.”

“கொடி பிடிக்கலண்ணே. மூஞ்சியத் திருப்பி ஒட்ட வைக்கிறேன்.”

அவன் எழுந்துகொண்டான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அப்பாவ நினைச்சுப் பாத்தியா?” என்றான். நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் படியிறங்கிய பிறகு அன்று முழுவதும் அது என்னை அரித்தது. கணவர்கூட, “பேருதானே, படத்துல ஒண்ணும் குறையப்போறதில்லையே” என்று மெல்ல ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார். பேரில் ஒன்றும் இல்லையென்றால் அதை மாற்றச் சொல்லி ஒருவன் செல்லூரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருவானா?

சனிக்கிழமை கூட்டம் பரவாயில்லை. என்னிடம் படிக்கிற பெண்கள் தாய்மாரோடு வந்தார்கள். சில தாய்மார் என் படத்தின் முன்னால் நின்று, தங்களை அறியாமல் தாடையைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், ஓர் ஆட்டோ வந்து நின்றது. அப்பா இறங்கினார். தனியாக வந்திருந்தார். எண்பதை நெருங்குகிற மனிதர். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறவில்லை.

“எங்க இருக்கு?” என்றார். எது என்று சொல்லவில்லை.

கூட்டிக்கொண்டு போனேன். தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் படம் இன்னும் உயரமாகிவிட்டது. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது, ஆனால் பெயரை மட்டும் மாற்றுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

“அந்த மச்சம்” என்றார்.

“ஆமாப்பா.”

“இடது பக்கந்தான் இருக்கும் அவளுக்கு. நீ வலது பக்கம் வச்சிருக்க.”

 முப்பத்து மூன்று வருஷத்தில் அம்மாவைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. மச்சம் இருந்திருக்கிறது. கனவு கொடுத்தது பொய் இல்லை. பக்கம்தான் தவறிவிட்டது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தவளுக்கு எது இடது, எது வலது?

“மாத்த மாட்டேன்ப்பா” என்றேன். ஒரு வாரமாக அதே பதிலைச் சொல்லத் தயாராகி இருந்ததால், கேட்காத கேள்விக்கும் அது வந்துவிட்டது.

“மாத்தாத” என்றார் அப்பா. “நீ பாத்தத நீ வரைஞ்சிருக்க.”

மச்சத்தைத் தவிர வேறெதையும் அவர் சொல்லவில்லை. அரக்குச் சேலையைப் பற்றிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. சரியென்று சொன்னாலும் தவறென்று சொன்னாலும் அது என் அரக்கு இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “வாரேன்” என்று எழுந்தார். கீழே ஒட்டியிருந்த அட்டையை, பெயரை, ஒரு தடவை படித்துவிட்டுப் போனார்.

பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வாரம் வந்து போனார்கள். அந்த இடம் அமையவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். படத்தால்தான் என்று அண்ணன் போனில் கத்தினான். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதற்காக வருந்தினேனா என்றால், வருந்தினேன். படத்தை மாட்டியதற்காக வருந்தினேனா என்றால், இல்லை. அவன் மகள் என்னைக் கூப்பிட்டு, “அத்தை, அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க. எங்க அப்பாயி எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியணும்ல” என்றாள். அனுப்பி வைத்தேன். அவளுக்கு ஐந்து மாதம் கழித்து வேறு நல்ல இடத்தில் அமைந்தது.

அம்மா வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது, அதைப் பார்த்தாவது வருவாள் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன். ஒத்துக்கொள்கிறேன். அவள் இருந்தால் இப்போது அறுபத்தெட்டு, எழுபது இருக்கும். அந்த இரண்டு நாளில் கூடத்துக்குள் வந்த முதியவர்களில் ஒருத்தியாக அவள் வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அவள் தாடையை வரையத் தெரிந்த எனக்கு அவளை அடையாளம் தெரியாது. இதை எண்ணி முதலில் அழுதேன். இப்போது அழுவதில்லை.

அந்தக் கனவு நின்றுவிட்டது. “இப்பத்தான் மனசு ஆறிருச்சு போல” என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆறவில்லை. ஆற்றிக்கொள்வதற்காக நான் வரையவும் இல்லை. கனவு நின்றதில் எனக்குக் கோபம்தான். சனிக்கிழமை மதியங்களில் அதே தரையில் படுத்துப் பார்க்கிறேன். வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து நினைவிலிருந்தே வரைகிறேன். தவறாக வந்தாலும் வரைகிறேன்.

படத்தை இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில், கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் மாட்டியிருக்கிறேன். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அண்ணன் வருவதாக அப்பா போனில் சொன்னார். கணவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒரு மணி நேரத்துக்குக் கழட்டி வைக்கலாம்ல?”

“முடியாது.”

அண்ணன் தனியாக வந்தான். பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு, “உள்ள வாண்ணே” என்றேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து, படத்துக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அங்கே உட்கார்ந்தால் படம் கண்ணில் படாது. நான் காபி போட்டுக் கொடுத்தேன். கல்யாண மண்டபத்தைப் பற்றி, சமையல்காரரைப் பற்றி, எட்டாவது தறி அடிக்கடி நின்றுபோவதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே காபியைக் குடித்தான்.